மேசை வீட்டுக்குப் போனால் மனு எங்கே போகும்?

மைசூரின் பழைய கச்சேரிகளைப் புதுப்பிக்கும் பேச்சு வரும்போதெல்லாம் சுவரும் தூணும்தான் அலசப்படுகின்றன. ஃபைல்கள் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்ட காலத்தில் உள்ளே யார் உட்கார வேண்டும் என்பதே முதல் கேள்வி.

அட்டாரா என்றால் உருதுவிலும் இந்தியிலும் பதினெட்டு. பெங்களூரில் 1868-இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிற மாளிகைக்கு அட்டாரா கச்சேரி என்று பெயர் வந்ததற்குக் காரணம் எளிமையானது: அரசின் பதினெட்டு இலாகாக்கள் அதற்குள் இருந்தன. இன்று அது கர்நாடக உயர் நீதிமன்றம். மைசூரிலும் அதே பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறது. முன்னால் சர் ஜேம்ஸ் கார்டனின் சிலை, உள்ளே அகன்ற தாழ்வாரங்கள், உயர்ந்த கூரை. பல தலைமுறைகளாக மாவட்ட நிர்வாகம் அங்கிருந்துதான் நடந்தது.

பெயரிலேயே ஒரு கொள்கை அடங்கியிருந்தது. இலாகாக்கள் ஒரே கூரையின் கீழ், குமாஸ்தா அவரவர் நாற்காலியில், ஃபைல் அவரவர் அலமாரியில். மனுவோடு வருகிறவர் ஒரு வாசலில் நுழைந்தால் எல்லா வாசல்களையும் தட்டலாம். தட்டினால் திறக்குமா என்பது வேறு விஷயம்.

அந்தக் கொள்கை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சித்தார்த்த நகரில் எழுந்த புதிய வளாகத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தை அருங்காட்சியகமாக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. இடம் போதவில்லை, கட்டடம் பழசு, புதிதாகக் கட்டு என்பது இந்தியாவின் எல்லா நகரங்களிலும் கேட்கும் பல்லவிதான். ஆனால் இடம் போதவில்லை என்ற வாதத்தையே 2020-க்குப் பிறகு மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. குமாஸ்தா எல்லா நாளும் வரத் தேவையில்லை என்றால் எத்தனை நாற்காலி வேண்டும்? ஃபைல் காகிதத்தில் இல்லை என்றால் எத்தனை அலமாரி வேண்டும்?

விதையிலிருந்து வேலைக்கு

ஹைபிரிட் என்றால் நமக்கு நெல்லும் தக்காளியும்தான் நினைவுக்கு வரும். பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு என்ற வேலைமுறைக்கும் இப்போது அதே பெயர். மைசூருக்கு இது அந்நிய வார்த்தை அல்ல. நகரின் விளிம்பில் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் வைத்திருக்கும் இன்ஃபோசிஸ், 2025-இல் தன் ஊழியர்களில் பெரும்பாலோரை மாதத்துக்கு 10 நாளாவது ஆபீசுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர்காரர்களை ஆபீசுக்கு அழைப்பதே ஒரு வேலையாகிவிட்ட நகரத்தில், அரசு அலுவலகங்களில் மட்டும் காலை பத்து மணிக்குப் பழைய காட்சிதான்.

அரசாங்கத்துக்கு இதில் அனுபவமே இல்லை என்று சொல்ல முடியாது. 2020 மார்ச் 19 அன்று மத்திய பணியாளர் துறை ஓர் உத்தரவு போட்டது. பி, சி பிரிவு ஊழியர்களில் 50 சதவிகிதம் பேர் மட்டும் தினமும் வரலாம், மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், வருகிறவர்களும் வெவ்வேறு நேரங்களில் வரலாம் என்றது அது. சில நாட்களில் நாடே முடங்கியது. அதே ஆண்டு மே மாதம் அதே துறை ஒரு வரைவுத் திட்டத்தைச் சுற்றுக்கு விட்டது. தொற்று முடிந்த பிறகும் தகுதியுள்ள ஊழியர்கள் ஆண்டுக்கு 15 நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரிய வழிசெய்யலாம் என்பது அதன் சாரம். ரகசிய ஃபைல்கள் வீட்டுக்குப் போகக்கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு.

இதைச் சாத்தியமாக்கியது தேசியத் தகவலியல் மையத்தின் இ-ஆபீஸ் மென்பொருள். வேலை செய்யும் விதம் பழைய தபால் பிரிவைப் போலத்தான். வரும் கடிதம் ஸ்கேன் செய்யப்படும், எண் பெறும், உரிய மேசைக்குப் போகும். குமாஸ்தா குறிப்பு எழுதுவார், கண்காணிப்பாளர் சேர்ப்பார், அதிகாரி டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார். ஒரு வித்தியாசம்: ஃபைல் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பதை மேலே இருப்பவர் பார்க்கலாம். 2020-இல் மத்திய அரசின் 75 அமைச்சகங்களும் துறைகளும் இதைப் பயன்படுத்தின. அவற்றில் 57 தங்கள் வேலையில் 80 சதவிகிதத்துக்கு மேல் இதில் முடித்ததாகப் பணியாளர் துறையே சொன்னது. கர்நாடக அரசும் இ-ஆபீசுக்கு வந்துவிட்டது.

ஆக, மேசை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கம்ப்யூட்டர் வீட்டுக்கும் போகலாம். மிச்சம் இருப்பது கட்டடம்.

காகிதத்தின் எடை

மைசூருக்குத் தன் பழைய கட்டடங்களைப் பற்றிக் கவலைப்படக் காரணம் உண்டு. வைஸ்ராய் லேன்ஸ்டவுன் பிரபுவின் வருகையை ஒட்டி 1892-இல் கட்டப்பட்ட லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்ட் 25 அன்று இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 28 அன்று, தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாசல் பகுதி சரிந்தது. செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே இது நடந்தது. இரண்டையும் இடிப்பதா, காப்பதா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது.

இந்தச் சரிவுகளுக்குப் பிறகு பழசு என்றாலே ஆபத்து என்ற எண்ணம் பரவியது. பாதி உண்மை அது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர் ஈரத்தை உள்வாங்கும், மெல்ல வெளியே விடும். கூரையில் செடி முளைத்து, மழைநீர்க் குழாய் அடைத்து, வருஷக்கணக்கில் தண்ணீர் உள்ளே இறங்கினால் காரை கரைந்துபோகும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே அழுகும். பூச்சு பளபளக்கும், சுவர் பலவீனமாகும். பராமரிப்பில்லாத நூறு வருஷம்தான் கட்டடத்தைக் கொல்கிறது. வெறும் நூறு வருஷம் அல்ல.

அலுவலகமாக இருந்த கட்டடங்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு: காகிதம். துணியில் கட்டிய ஃபைல் மூட்டைகள் தாழ்வாரத்தை அடைத்து, ஜன்னலை மறைத்து, மாடித் தளத்தின் மேல் ஏறிக்கொள்கின்றன. அவற்றின் நடுவே மின்விசிறிக்கு ஒரு ஒயர், கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், ஏ.சி.க்குச் சுவரில் ஒரு ஓட்டை. ஒரு பொறி போதும்.

அந்தப் பொறி 2012-இல் இரண்டு முறை விழுந்தது. ஜனவரி 16 அன்று சென்னை சேப்பாக்கத்தில், ஆற்காட்டு நவாபுகள் கட்டிய கலச மகால் எரிந்தது. அதற்குள் அரசு அலுவலகங்கள் இயங்கிவந்தன. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 21 அன்று மும்பையில் மகாராஷ்டிர தலைமைச் செயலகமான மந்திராலயா பற்றி எரிந்தது. ஐந்து பேர் பலி. மேல்தளங்களோடு எண்ணற்ற ஃபைல்களும் சாம்பலாயின.

சென்னையில் அடுத்து நடந்தது கவனிக்க வேண்டியது. கலச மகால் இடிக்கப்படவில்லை. தமிழ்நாடு பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையையும் பழைய வேலைப்பாட்டையும் தேடிப் பிடித்து அதைச் சீரமைத்தது. பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே குடியேறியது. சாம்பலான ஓர் அலுவலகமே மறுபடி அலுவலகமாக முடியும் என்றால், நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களைக் கைவிட என்ன அவசியம்?

அதே சென்னையில் இன்னொரு வழியும் இருக்கிறது. 1913-இல் ஏழரை லட்சம் ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையில் மாநகராட்சிக்கு இடம் போதாமல் போனபோது, பின்னால் அம்மா மாளிகை என்ற புதுக் கட்டடம் எழுப்பி 2015-இல் திறந்தார்கள். வெள்ளை மாளிகை காப்பாற்றப்பட்டது, கூட்டமும் குறைந்தது. ஆனால் அது ஊழியர் எல்லோரும் தினமும் வருவார்கள் என்று கணக்குப் போட்ட காலத்துத் தீர்வு.

வீட்டுக்குப் போக முடியாதவர்கள்

இனி ஒரு மாநகராட்சியின் உள்ளே பார்ப்போம். மைசூர் நகராட்சி 1862-இல் பிறந்தது, 1977-இல் மாநகராட்சி ஆனது. 65 வார்டுகள், 9 மண்டல அலுவலகங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 9 லட்சம் பேர் வாழும் நகரம். சொத்து வரி, குடிநீர், பிறப்பு இறப்புப் பதிவு, வியாபார லைசென்ஸ், கட்டட அனுமதி, குப்பை எல்லாம் அதன் பொறுப்பு. வாணி விலாஸ் குடிநீர் நிலையமும் அதன் கையில்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை எவ்வளவு? வரிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து, டெண்டர் தயாரிப்பு, சம்பளப் பட்டியல், கட்டட வரைபடத்தை முதல்கட்டமாகச் சரிபார்ப்பது ஆகியவற்றைச் செய்யலாம். தெருவைக் கூட்டுவதையும் வால்வு திறப்பதையும் செய்ய முடியாது. 2014-15, 2016 ஆண்டுகளின் தூய்மைத் தரவரிசையில் மைசூர் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. அந்தப் பெருமையை வாங்கித் தந்த பௌரகார்மிகர்கள் விடியுமுன் தெருவில் இருந்தவர்கள். அவர்களுக்கு ஹைபிரிட் என்றால் ஒன்றுமில்லை.

அலுவலகத்தைப் புதுப்பிக்க ஒதுக்கும் பணம் முழுவதும் மேசைக்காரர்களின் வசதிக்கே போனால் அது இரட்டை அநீதி. மாடியில் பத்து மேசைக்கான இடம் மிச்சமானால், தரைத்தளத்தில் துப்புரவுப் பெண்கள் உடை மாற்றவும் உட்கார்ந்து சாப்பிடவும் ஓர் அறையும் கழிப்பறையும் கிடைக்க வேண்டும். பெங்களூர் மாநகராட்சி அவர்களுக்காகத் தெருவோரம் சுவிதா என்ற பெயரில் ஓய்வறைகளை வைக்கத் தொடங்கியது. அந்தத் தேவை மைசூரிலும் உண்டு, அதற்கான இடம் அதன் சொந்தக் கட்டடங்களிலேயே கிடைக்கும்.

மேசைக்காரர்கள் எல்லோருக்கும் வீடு தோதாக இருக்கும் என்றும் நினைக்கக்கூடாது. இரண்டு அறை வீட்டில், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கும் மாமியாரின் டி.வி.க்கும் நடுவே, ஊராரின் ஆதார் நகலும் பத்திரமும் திறந்துகிடக்கும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு பெண் குமாஸ்தா எப்படி வேலை பார்ப்பார்? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. அதை மதிக்க வேண்டிய முதல் இடம் அரசு ஆபீஸ். இங்கேதான் மைசூரின் 9 மண்டல அலுவலகங்கள் கைகொடுக்கும். வீட்டுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே, குடியிருப்புக்கு அருகில், பூட்டும் இணைப்பும் உள்ள சில மேசைகள் அங்கே இருந்தால் போதும். வீடு தோதாக இல்லாதவர் அங்கே போகலாம். வீடுவீடாக அலையும் வரி வசூல் ஊழியரும் சுகாதார ஆய்வாளரும் அறிக்கை எழுத நகர் மத்திக்கு ஓட வேண்டியதில்லை.

சீட்டில் இல்லை

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து வேறு. இந்திய அரசு அலுவலகங்களில் மிக அதிகம் உச்சரிக்கப்படும் வாக்கியம் எது என்று கேட்டால் மனுவோடு அலைந்த யாரும் தயங்காமல் சொல்வார்கள்: ஐயா சீட்டில் இல்லை. மீட்டிங், கேம்ப், லீவு, இப்போதுதான் டீ குடிக்கப் போனார். இந்தப் பட்டியலில் ஐயா இன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்பதும் சேர்ந்துவிட்டால், பழைய சாக்குக்கு அரசு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும்.

இதற்கு மருந்தைக் கர்நாடகம் ஏற்கனவே கண்டுபிடித்திருக்கிறது. 2011-இல் இயற்றப்பட்டு, 2012 ஏப்ரல் 2 முதல் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது சகாலா சட்டம். ஒவ்வொரு சேவைக்கும் இத்தனை நாள் என்று கெடு. மனு கொடுத்தவுடன் ஓர் எண் தரப்படும். கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய் வீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை மனுதாரர் இழப்பீடு கேட்கலாம், அது பொறுப்பான அதிகாரியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். தொகை சின்னது, தத்துவம் பெரியது. அதிகாரி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது சட்டத்துக்குத் தேவையில்லை. வேலை எப்போது முடிந்தது என்பதே தேவை. வீட்டிலிருந்து வேலை என்ற சலுகைக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. கெடுவுக்குள் முடிக்கிற பிரிவு வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டும். முடிக்காத பிரிவு மனுதாரர் முன்னால் வந்து உட்காரட்டும்.

பூமி திட்டம் இன்னொரு பாடம். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் கர்நாடகம் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நில ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. தாலுகா கவுண்டரில் 15 ரூபாய் கொடுத்தால் நகல் கையில். கிராமக் கணக்கரின் தயவுக்காகக் காத்திருந்த காலம் முடிந்தது. ஆனால் பெயர் மாற்றம், எல்லைத் தகராறு, வாரிசுச் சண்டை ஆகியவற்றைக் கம்ப்யூட்டர் தீர்க்கவில்லை. அவற்றுக்கு மனிதர்கள் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது. சுலபமான காரியம் கம்ப்யூட்டருக்குப் போனால், ஆபீசுக்கு வருவதெல்லாம் சிக்கலான காரியமாகத்தான் இருக்கும். நேரில் வருகிறவர்களின் எண்ணிக்கை குறையும், அவர்களுக்குத் தேவைப்படும் நேரம் கூடும்.

மைசூரிலும் அப்படித்தான். சேவா சிந்து இணையதளமும் கர்நாடகா ஒன் மையங்களும் வந்த பிறகு பல மனுக்களுக்காக ஆபீஸ் படி ஏறத் தேவையில்லை. ஆனால் 2025-இல் அங்கீகாரமற்ற மனைகளுக்கு பி காத்தா தரும் இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது. காத்தா என்பது உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் ஏறுவது. ஆயுள் சேமிப்பையெல்லாம் ஒரு மனையில் போட்டவருக்கு, ஆவணத்தில் ஒரு பெயர் பிழையாக இருந்தால், வெப்சைட்டில் வரும் சிவப்பு எழுத்து பதிலாகாது. கன்னடம் எழுதத் தெரியாமல் மைசூரில் வாழும் தமிழர், உருது பேசுபவர், வட இந்தியத் தொழிலாளி எல்லோருக்கும் இது இன்னும் கடினம். அவர்களுக்கு ஒரு பெஞ்ச், ஒரு மனிதர், ஒரு விளக்கம் வேண்டும்.

தரைத்தளம் மக்களுக்கு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகராட்சி, மெரியன் ஹவுஸ் என்ற தன் அலுவலகத்தைப் புதுப்பித்து 2018-இல் திறந்தது. ஆளுக்கொரு மேசை என்ற வழக்கத்தை விட்டு, மேசைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்குப் போனது. அதாவது தொற்று வருவதற்கு முன்பே. அதைப் பார்த்து இங்கே காப்பியடிக்க வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலோர் மனுக்களைக் கம்ப்யூட்டரிலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் வேலைமுறை மாறியது, பிறகு சுவர் மாறியது.

நம் ஊரில் வரிசை தலைகீழ். முதலில் கண்ணாடித் தடுப்பு, ஃபால்ஸ் சீலிங், சுழல் நாற்காலி. ஆறு மாதத்தில் அதே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதே ஃபைல் மூட்டை. பழைய கட்டடத்தில் ஃபால்ஸ் சீலிங் போடுவது இன்னும் மோசம். உயர்ந்த கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் தரும் காற்றோட்டம் போய்விடும், மேலே ஒழுகுவதும் கண்ணில் படாது.

மைசூரின் பழைய கச்சேரிகளுக்கு வேண்டியது நான்கே காரியங்கள்தான். முதலாவது, காகிதத்தை இறக்குவது. சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை ஸ்கேன் செய்து, அசலைத் தீப்பாதுகாப்புள்ள தனி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி, காலாவதியானதை விதிப்படி அழிப்பது. இதனால் மாடித் தளம் இலேசாகும், ஜன்னல் திறக்கும். இரண்டாவது, கூரை, மழைநீர்க் குழாய், மின் இணைப்பு மூன்றையும் சரிசெய்வது. சுவருக்குச் சுண்ணாம்பு, ஒயருக்குத் தனிப்பாதை. மூன்றாவது, மாடியில் பங்கிட்டுக்கொள்ளும் மேசைகள். யார் எந்த நாளில் வருவார் என்ற பட்டியல் கன்னடத்தில் வாசலிலேயே தொங்க வேண்டும். நான்காவது, தரைத்தளம் முழுவதும் மக்களுக்கு. சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, குடிநீர், கழிப்பறை, நிழலில் பெஞ்ச். அங்கே எந்நேரமும் ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும். வெறும் விசாரணைக் கவுண்டர் உதவாது. வீட்டில் இருப்பவரின் ஃபைலையும் திறந்து பார்த்து முடிவு சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

நான்கில் கடைசிதான் அரசாங்கங்களுக்குக் கசக்கும். சுண்ணாம்புக்கும் மேசைக்கும் டெண்டர் விடலாம். அதிகாரத்தைக் கீழே இறக்க டெண்டர் கிடையாது.

இதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதும் கேள்விதான். மைசூர் மாநகராட்சியின் கடைசிக் கவுன்சிலின் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிந்தது. அதன்பின் நிர்வாகம் அதிகாரிகளின் கையில் போனது. வார்டு உறுப்பினர் இருந்தால் அவர் வீட்டு வாசலிலாவது மனுவை நீட்டலாம். அவரும் இல்லாதபோது அதிகாரியும் வீட்டுக்குப் போனால், இருக்கிற ஒரே வாசல் அந்தத் தரைத்தளம்தான்.

ஆளுபவர் முன்னால் குறையைச் சொல்லலாம் என்ற வழக்கத்தை மைசூருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். சென்னை மாகாண அரசுப் பணியில் தொடங்கி மைசூரின் திவானாக உயர்ந்த ரங்காசார்லு, 1881 அக்டோபரில் மைசூர் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். சமஸ்தான இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. விவசாயிகளும் வணிகர்களுமாக 144 பேர் தசராவை ஒட்டி நகருக்கு வந்து, திவானின் முகத்துக்கு நேரே தங்கள் ஊர்க் குறைகளைச் சொன்னார்கள். ஓட்டுப்போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கேட்கும் உரிமையும் பதில் பெறும் உரிமையும் மட்டும் இருந்தன. ரங்காசார்லு 1883-இல் காலமானார். அடுத்த ஆண்டு அவர் நினைவாக எழுந்த டவுன் ஹால் இன்றும் மைசூரின் நடுவே நிற்கிறது.

அன்று ரயிலும் தபாலும் கொண்டே அவர் மாநிலத்தைத் திவானின் முன்னால் உட்காரவைத்தார். இன்று கையில் இ-ஆபீஸ் இருக்கிறது, சகாலா இருக்கிறது, மாடியில் காலியிடமும் கிடைக்கப்போகிறது. அந்தக் காலியிடத்தில் முதலில் போடப்படுவது சுழல் நாற்காலியா, பெஞ்சா என்று பார்த்தால் போதும். புதுப்பிக்கப்பட்டது எது என்று தெரிந்துவிடும்.